இசிஎச்எஸ்: தாள் தாமதமானால் பில் நம் தலையில் விழாமல் இருக்க (48 மணி நேரத் தகவல், இஐஆர், கார்டு சிக்கல்கள்)

கணவாய்23 எழுதியது:

இசிஎச்எஸ் என்பது முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம். அதன் பட்டியலில் உள்ள, அதாவது எம்பேனல் ஆன, ஆஸ்பத்திரியில் உறுப்பினர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் திட்டம். ஆனாலும் முன்னாள் படைவீரர் குழுக்களில் வாரம் தவறாமல் வரும் கேள்வி, "இவ்வளவு கட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது?" விசாரித்தால் பெரும்பாலும் நோயிலும் சிக்கல் இல்லை, தகுதியிலும் சிக்கல் இல்லை. ஏதோ ஒரு தாள் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அது நகர்வதற்குள் பில் நம் பக்கம் திரும்பிவிடுகிறது.

தாள் எங்கே நிற்கிறது, அன்றைக்கே அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் இந்த இழையில் எழுதுவோம். சொந்த அனுபவம், ஆஸ்பத்திரி பெயர், அதிகாரி பெயர் வேண்டாம். மற்றவர்கள் அப்படியே எடுத்துச் செய்யக்கூடியதாக எழுதுங்கள்.

முதல் கேள்வியை நானே வைக்கிறேன். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு நெஞ்சுவலி. எம்பேனல் ஆஸ்பத்திரி முக்கால் மணி தூரம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி தெருமுனையிலேயே இருக்கிறது. இசிஎச்எஸ்சின் வெளிநோயாளி மையமான பாலிகிளினிக் திங்கள் காலைதான் திறக்கும். வீட்டில் இருப்பவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும்?

பில்மேசை எழுதியது:

தெருமுனை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பட்டியலில் இல்லை என்பதற்காக முக்கால் மணி நேரம் வண்டியில் வைத்துக்கொண்டு ஓட வேண்டாம். அவசரத்துக்கு அங்கே சேர்ந்தாலும் செலவைத் திரும்பக் கேட்க விதியில் இடம் உண்டு. அதற்கு இரண்டு விஷயம் நிற்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்பது மருத்துவத் தாளிலேயே தெரிய வேண்டும். சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.

இந்த 48 மணியில்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. சனி இரவு 10 மணிக்குச் சேர்த்தால் திங்கள் இரவு 10 மணிக்கு நேரம் முடிகிறது. "ஞாயிறு விடுமுறை" என்று பிறகு வாதாடலாம், ஆனால் வாதாட வேண்டிய நிலைமைக்கே போகக் கூடாது. போனில் சொன்னோம் என்பதும் போதாது. யாரிடம், எத்தனை மணிக்கு என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் இரு தரப்பிலும் பதில் இருக்காது. நேரம் பதிவாகும் வழியில் அனுப்புங்கள்: பாலிகிளினிக்கின் மின்னஞ்சலுக்கு ஒன்று, அதன் நகல் இசிஎச்எஸ்சின் மண்டல அலுவலகமான ரீஜனல் சென்டருக்கு. தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ரீஜனல் சென்டர் இருக்கிறது. உங்கள் பாலிகிளினிக் எதன் கீழ் வருகிறது என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். பாலிகிளினிக்கின் பொறுப்பு அதிகாரியான ஓஐசியின் நம்பர் இருந்தால் அதே செய்தியை வாட்ஸப்பிலும் போடுங்கள்.

செய்தியில் இருக்க வேண்டியவை: சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், கார்டு நம்பர், நோயாளி யார், உறவு என்ன, ஆஸ்பத்திரியின் பெயரும் முகவரியும், சேர்த்த தேதியும் மணியும், டாக்டர் சொன்ன முதல் கணிப்பு, கூட இருப்பவரின் போன் நம்பர். ஏழு வரிக்கு மேல் வேண்டாம். கார்டின் இரு பக்கப் படத்தையும் அட்மிஷன் சீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

பிறகு திங்கள் காலை பாலிகிளினிக் திறந்ததும் ஒருவர் நேரில் போக வேண்டும். அதே செய்தியைக் கடிதமாக இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் சீல், தேதி, வரவுப் பதிவு எண் (இன்வர்ட் நம்பர்) வாங்குங்கள். வெறும் கையெழுத்துப் போதாது, நம்பர் வேண்டும். பின்னாளில் கிளெய்மோடு முதலில் வைக்க வேண்டிய தாள் இதுதான்.

மருதநிலம் எழுதியது:

பில்மேசை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தகவல் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரம் இருக்கும் வரைக்குமான செலவுக்குத்தான் உரிமை. நோயாளி நிலைக்கு வந்ததும் எம்பேனல் ஆஸ்பத்திரிக்கோ ராணுவ மருத்துவமனைக்கோ மாற்ற வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மாற்றாமல் அங்கேயே பத்து நாள் இருந்தால், நிலைக்கு வந்த நாளுக்குப் பிறகான செலவை வெட்ட வாய்ப்பு அதிகம்.

மாற்றக்கூடிய நிலையில் இல்லை என்றால் அதை டாக்டர் எழுதித் தர வேண்டும். "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன காரணத்தால் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது உயிருக்கு ஆபத்து" என்று, அந்தத் தேதிகளிலேயே, லெட்டர்ஹெட்டில். டிஸ்சார்ஜ் ஆன பிறகு போய்க் கேட்டால் சில டாக்டர்கள் தயங்குவார்கள். தந்தாலும் பின்தேதியிட்ட தாளின் மேல் சந்தேகம் வரும்.

எமர்ஜென்சி சர்டிபிகேட் விஷயமும் அப்படித்தான். "எமர்ஜென்சியாக அனுமதிக்கப்பட்டார்" என்று ஒரே வரியில் வாங்கி வருகிறார்கள். அது நிற்காது. எத்தனை மணிக்கு என்ன அறிகுறியோடு வந்தார், இசிஜியில் என்ன, ரத்தப் பரிசோதனையில் என்ன, உடனே செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று வர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியும் அதோடு முரண்படக் கூடாது. சர்டிபிகேட்டில் அவசரம் என்று இருந்து, சம்மரியில் "நெஞ்சுவலிக்கான பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டார்" என்று இருந்தால் சம்மரியைத்தான் பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் அன்று வண்டி ஏறும் முன் அந்த முதல் பத்தியைப் படித்துவிடுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லலாம், ஒரு பைசா செலவில்லை.

மாரடைப்பு, பக்கவாதம், கடும் மூச்சுத்திணறல், அடிவயிற்று அவசரம், விபத்துக் காயம், விஷம், பாம்புக்கடி, வெப்பத் தாக்கு, திடீர் சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் அவசரப் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் நேரடியாக இல்லாததும் டாக்டரின் விளக்கத்தால் ஏற்கப்படலாம். அதனால்தான் அந்த விளக்கம் இவ்வளவு முக்கியம்.

செங்கதிர்_நாயக் எழுதியது:

எம்பேனல் ஆஸ்பத்திரிக்கே போனாலும் டெபாசிட் கேட்கிறார்களே, அதைச் சொல்லுங்கள். கார்டைக் காட்டினால், "இசிஎச்எஸ்சில் எங்களுக்குப் பணம் பாக்கி, நீங்கள் கட்டிவிட்டு அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கட்டலாமா?

பில்மேசை எழுதியது:

கட்டிவிட்டு அங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்பது பொறி. எம்பேனல் ஆஸ்பத்திரி என்றால் கேஷ்லெஸ்தான். அங்கே நீங்கள் பணம் கட்டிய பில்லைத் தனிநபர் கிளெய்மாகக் கொண்டுபோனால், "அது கேஷ்லெஸ் ஆஸ்பத்திரி ஆயிற்றே, ஏன் கட்டினீர்கள்?" என்று பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரி கைகாட்டும், இசிஎச்எஸ்சும் கைகாட்டும், நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

அங்கே நடக்க வேண்டியது இது. காஷுவல்டியில் சேர்க்கும்போதே கார்டைக் கொடுக்க வேண்டும். மறுநாள் கொடுத்தால், "சேரும்போது இசிஎச்எஸ் என்று சொல்லவில்லை, கேஷ் நோயாளியாகப் பதிந்துவிட்டோம்" என்பார்கள். அட்மிஷன் படிவத்தில் பணம் செலுத்துபவர் என்ற இடத்தில் "இசிஎச்எஸ்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியின் இசிஎச்எஸ் டெஸ்க், யுடிஐ ஐடிஎஸ்எல் நடத்தும் பில் போர்ட்டலில் எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட், அதாவது இஐஆர், ஏற்ற வேண்டும். அது பாலிகிளினிக்குக்குப் போகும். ஓஐசி ஏற்றுக்கொண்டால் அதுவே பாலிகிளினிக் தரும் பரிந்துரைச் சீட்டான ரெஃபரலுக்குச் சமம். இதை 48 மணிக்குள் செய்ய வேண்டிய பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது, உங்களுடையது அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "இஐஆர் ஏற்றியாச்சா? கிளெய்ம் ஐடி என்ன?" போர்ட்டலில் ஏற்றினால் ஐடி உருவாகும். ஐடி சொல்ல முடியவில்லை என்றால் ஏற்றவில்லை என்று அர்த்தம். மணிக்கு ஒருமுறை போய்க் கேளுங்கள், தப்பில்லை. ஐடியை வாங்கிக் குறித்துக்கொண்டு பாலிகிளினிக்குக்கு அனுப்பும் செய்தியில் சேர்த்துவிடுங்கள். ஓஐசிக்கும் தேடும் வேலை மிச்சம்.

உயிர் ஊசலாடும்போது டெபாசிட் இல்லாமல் தொடமாட்டோம் என்றால்? கட்டுங்கள். அந்த நேரத்தில் சட்டம் பேச வேண்டாம். ஆனால் ரசீதில் "டெபாசிட்" என்ற சொல் இருக்கட்டும், "சிகிச்சைக் கட்டணம்" என்று இருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இத்தனை மணிக்கு கார்டு காட்டப்பட்டது, ஆனாலும் இவ்வளவு பெறப்பட்டது, இஐஆர் ஏற்கப்பட்டதும் திருப்பித் தர வேண்டும். நகல் ரீஜனல் சென்டருக்கு. எம்பேனல் ஒப்பந்தத்தில் உறுப்பினரிடம் பணம் கேட்கக் கூடாது என்று இருப்பதால், அந்த நகலைப் பார்த்ததுமே பல இடங்களில் பணம் திரும்பி வந்துவிடும்.

தணிக்கை_நோக்கர் எழுதியது:

ஆஸ்பத்திரிகள் பக்கமும் ஒரு உண்மை இருக்கிறது, அதையும் பேச வேண்டும். பாக்கி என்பது பொய்யில்லை. இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015ஆம் ஆண்டின் 51ஆம் எண் அறிக்கையில் இசிஎச்எஸ்சைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். பில் பரிசீலனைத் தாமதமும் மருந்துத் தட்டுப்பாடும் அதில் வந்தவை. பணம் மாதக்கணக்கில் வராவிட்டால் சிறிய ஆஸ்பத்திரி தாங்காது. முதலில் இசிஎச்எஸ் படுக்கை "நிரம்பிவிட்டது" என்பார்கள், அடுத்து டெபாசிட், கடைசியில் ஒப்பந்தத்திலிருந்தே விலகிவிடுவார்கள்.

ஆனால் அந்தத் தாமதத்துக்கு விலை கொடுக்க வேண்டியவர் நோயாளி இல்லை. இது இலவசத் திட்டமும் இல்லை. 1 ஏப்ரல் 2003ல் தொடங்கியபோதிலிருந்தே பங்களிப்புத் திட்டம். 2017 டிசம்பர் கடைசியில் திருத்திய கணக்குப்படி சிப்பாய் முதல் ஹவில்தார் வரை ₹30,000, ஜேசிஓ (இளநிலை ஆணை அதிகாரிகள்) ₹67,000, அதிகாரிகள் ₹1,20,000 ஒரே முறை கட்டிச் சேர்ந்தவர்கள். சேர்ந்ததும் மாதம் ₹1,000 நிலையான மருத்துவப் படியையும் விட்டுக்கொடுத்தவர்கள். ஆஸ்பத்திரிக்கும் அரசுக்கும் இடையிலான வரவு செலவை அவர்கள் தலையில் ஏற்றுவது முறையே இல்லை.

கணவாய்23 எழுதியது:

ஓஐசி இஐஆரைப் பார்க்கவே இல்லை என்றால்? ஆஸ்பத்திரி ஏற்றிவிட்டது, பாலிகிளினிக்கில் அப்படியே கிடக்கிறது.

மருதநிலம் எழுதியது:

ஓஐசி விடுப்பில் இருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், கார்டு பிளாக் ஆகியிருந்து அவரால் ஏற்க முடியாமலும் இருக்கலாம். எது என்று முதலில் கண்டுபிடியுங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் போகும் இடம் வேறு. விடுப்பு என்றால் பொறுப்பில் இருக்கும் மெடிக்கல் ஆபீசர் இருப்பார். நகராவிட்டால் அந்தப் பாலிகிளினிக் எந்த ராணுவ ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸின் கீழ் வருகிறதோ அங்கே இசிஎச்எஸ் செல் இருக்கும், அடுத்தது ரீஜனல் சென்டர். மேலே போகும் ஒவ்வொரு செய்தியிலும் கிளெய்ம் ஐடியும் இஐஆர் ஏற்றிய நேரமும் இருக்கட்டும்.

நிராகரித்தால் காரணத்தைப் படியுங்கள். "அவசரம் என்று நிறுவப்படவில்லை" என்றால் ஆஸ்பத்திரி டாக்டர் இசிஜியோடு விளக்கம் ஏற்ற வேண்டும். "அந்தப் பிரிவுக்கு எம்பேனல் இல்லை" என்றால் சிக்கல் பெரிது. எம்பேனல் என்பது ஆஸ்பத்திரி முழுக்குமானது அல்ல, பிரிவு பிரிவாகத் தருவது. எலும்புக்கு எம்பேனல் ஆன ஆஸ்பத்திரியில் இதயத்துக்கும் கார்டு செல்லும் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். ஒப்பந்தத்துக்குக் காலாவதியும் உண்டு. ரெஃபரல் வாங்கிய நாளில் உயிரோடிருந்த ஒப்பந்தம் அட்மிஷன் அன்று முடிந்திருக்கலாம். போகிற அன்று காலையில் இசிஎச்எஸ் இணையதளத்தின் பட்டியலில் ஆஸ்பத்திரி, பிரிவு, தேதி மூன்றையும் பாருங்கள்.

அவசரம் இல்லாத சிகிச்சை என்றால் ரெஃபரல் கையில் வரும் வரை சேர வேண்டாம். "இன்று சேருங்கள், நாளை ரெஃபரல் கொண்டுவாருங்கள்" என்று ஆஸ்பத்திரி சொன்னாலும் வேண்டாம். முன்தேதி ரெஃபரல் கிடைக்காது. கணினி நின்றுவிட்டது என்று பாலிகிளினிக்கில் சொன்னால் அன்றைய வருகையை ஓஐசியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு மறுநாள் போங்கள்.

கிளெய்ம்_கோப்பு எழுதியது:

தனிநபர் கிளெய்ம் பற்றி விரிவாகச் சொல்கிறேன், இழையில் இன்னும் வரவில்லை. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் கட்டிய முழுத் தொகையும் திரும்பாது என்பதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்சின் விலைப்பட்டியல்படிதான் கிடைக்கும். ஆஸ்பத்திரி ₹4 லட்சம் வாங்கிய சிகிச்சைக்குப் பட்டியலில் ₹1.5 லட்சம் என்றால் மீதி உங்களுடையது. இந்த இடைவெளியைக் குறைக்க வழி, நிலைக்கு வந்ததும் எம்பேனல் இடத்துக்கு மாற்றுவதுதான். மருதநிலம் சொன்னது இங்கே நேராகப் பணமாகிறது.

அறை வாடகையையும் சொல்ல வேண்டும். ரேங்க்படி பொது வார்டா, அரைத் தனி அறையா, தனி அறையா என்பது கார்டிலேயே இருக்கிறது. ஏப்ரல் 2023ல் சிஜிஎச்எஸ் நிர்ணயித்தது ஒரு நாளுக்குப் பொது வார்டு ₹1,500, அரைத் தனி ₹3,000, தனி ₹4,500, ஐசியு எல்லோருக்கும் ₹5,400. அக்டோபர் 2025ல் சிஜிஎச்எஸ் புதிய பட்டியல் வந்தது. நீங்கள் சேர்ந்த தேதியில் இசிஎச்எஸ்சில் எது நடைமுறையில் இருந்ததோ அதுதான் கணக்கு. தகுதிக்கு மேலான அறையை நீங்களே கேட்டு வாங்கினால் வித்தியாசம் உங்கள் செலவு. "தகுதியான அறை காலியில்லை" என்று ஆஸ்பத்திரி மேலே ஏற்றினால், காலியில்லை என்பதை எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்கியதாகத்தான் கோப்பில் நிற்கும்.

அறுவைச் சிகிச்சை என்றால் பேக்கேஜ், அதாவது மொத்தமாக ஒரே தொகை. பெரிய சிறப்பு அறுவைக்கு 12 நாள், மற்ற பெரிய அறுவைக்கு 7 நாள், லேப்ராஸ்கோபிக்கு 3 நாள் என்று அறை, மருந்து, பரிசோதனை எல்லாம் அதற்குள் அடங்கிவந்த கணக்கு. எம்பேனல் ஆஸ்பத்திரியில் பேக்கேஜுக்குள் வரும் பொருளுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விலைப்பட்டியலிலேயே இல்லாத சிகிச்சை, புதுவகை இம்ப்ளான்ட் என்றால் முன் அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரிதான் போர்ட்டல் வழியாகக் கேட்க வேண்டும். அனுமதி வரத் தாமதமானால், "சொந்தச் செலவில் சம்மதம்" என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பிறகு அனுமதி வந்தாலும் பில் உங்களுடையதே. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து எந்த நிலையிலும் வேண்டாம்.

கோப்பில் வைக்க வேண்டியவை, இந்த வரிசையில் அடுக்கினால் பாலிகிளினிக் எழுத்தருக்குச் சுலபம். மேலே 48 மணித் தகவலின் சீல் பிரதியும் மின்னஞ்சல் அச்சும். அடுத்து எமர்ஜென்சி சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றக்கூடிய நிலையில் இல்லை என்ற தாள் இருந்தால் அது. பிறகு அசல் பில்கள்: மொத்த பில் மட்டும் போதாது, நாள்வாரி, பொருள்வாரி பிரிப்பு வேண்டும். மருந்துக் கடை பில்லில் டாக்டர் பெயர், நோயாளி பெயர். ஸ்டென்ட், மூட்டு, லென்ஸ் வைத்திருந்தால் அதன் உறையில் இருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் தனி இன்வாய்ஸும். ஸ்டிக்கரை ஆபரேஷன் நோட்டில் ஒட்டிவிடுவார்கள், அதன் நகலை டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள்; மாதம் கழித்துக் கேட்டால் ரெக்கார்டு அறையில் தேடிக்கொண்டிருப்பார்கள். பிறகு பணம் கட்டிய ரசீது, கார்டு நகல், கேன்சல் செய்த காசோலை, என்ன நடந்தது என்று உறுப்பினர் தன் கைப்பட எழுதிய விவரம். கன்டிஞ்சென்ட் பில் படிவம் பாலிகிளினிக்கில் கிடைக்கும்.

கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள், பக்க எண் போடுங்கள். 62 பக்கம் கொடுத்தால், "62 பக்கம் பெறப்பட்டது" என்று பிரதியில் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து நாள் எண்ணப்படுகிறது. உடம்பு தேறட்டும் என்று கோப்பைத் தள்ளிப் போட வேண்டாம், அதை மகனோ மகளோ செய்யலாம்.

கொடுத்த பிறகு வரும் ஆபத்து என்எம்ஐ. கூடுதல் தகவல் தேவை என்று போர்ட்டலில் கேள்வி போடுவார்கள். அது பாலிகிளினிக்குக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமலே போகலாம். பதில் போகாவிட்டால் கோப்பு அப்படியே உறங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளெய்ம் ஐடியை வைத்து நிலையைப் பாருங்கள், பாலிகிளினிக்கிலும் கேளுங்கள்.

நீலமலை_ரெக்கார்ட்ஸ் எழுதியது:

எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். பாதிச் சிக்கல் அதற்குப் பல ஆண்டு முன்பே, படைவீரரின் பணிப் பதிவேடு இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் பிறந்தது. கார்டு பிளாக் ஆகியிருந்தால் 48 மணியும் உதவாது, இஐஆரும் உதவாது.

நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை பெயர். ஆதாரில் "கே. லட்சுமி", ஓய்வூதிய ஆணையான பிபிஓவில் "லெட்சுமி", வங்கியில் "லட்சுமி கந்தசாமி". இனிஷியல் என்பது வட இந்தியப் படிவத்துக்குப் புரியாது. "முதல் பெயர், குடும்பப் பெயர்" என்று இரு கட்டம் இருக்கும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி நிரப்பியிருப்பார்கள். பிறந்த தேதியும் இப்படியே. கல்யாணத்தின்போது யூனிட்டில் குடும்ப விவரம் பதிந்த பார்ட் டூ ஆர்டரில் ஒன்று, ஆதாரில் வேறு. ஆன்லைன் விண்ணப்பம் இந்த வித்தியாசத்தால்தான் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது.

திருத்தும் இடம் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு. ஆதார், கல்யாணச் சான்று, பள்ளிச் சான்று, இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பலாம். பாதுகாப்புத் துறை ஓய்வூதியப் போர்ட்டலான ஸ்பர்ஷில் இருக்கும் குடும்ப விவரமும் அதோடு பொருந்த வேண்டும். மாதங்கள் ஆகும் வேலை. நோய் வந்த பிறகு ஆரம்பித்தால் முடியாது, இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு கார்டு அச்சாகி வரும் வரை டெம்பரரி ஸ்லிப் கிடைக்கும். சிகிச்சைக்கு அது செல்லும், ஆனால் அதற்கும் காலாவதி உண்டு. அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

சார்ந்தவர்களுக்கு: மகனுக்கு 25 வயது, அல்லது வேலை, அல்லது கல்யாணம், எது முதலில் வருகிறதோ அன்றோடு தகுதி போய்விடும். மகளுக்கு வேலை அல்லது கல்யாணம். பெற்றோருக்கு எல்லா வருமானமும் சேர்த்து மாதம் ₹9,000, அதோடு அகவிலைப்படி என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். வரம்பு தாண்டியதைச் சொல்லாமல் கார்டைப் பயன்படுத்தினால் செலவைப் பிறகு வசூலிப்பார்கள். நிரந்தர மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு 25 வயது வரம்பு இல்லை, ஆனால் சான்றிதழ் முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

வடுகப்பட்டி_மகள் எழுதியது:

நீலமலை ஐயா, ஒரு சந்தேகம். உறுப்பினர் இறந்துவிட்டால் அம்மாவின் கார்டு செல்லுமா? குடும்ப ஓய்வூதியம் தொடங்கவே பல மாதம் ஆகிறதே.

நீலமலை_ரெக்கார்ட்ஸ் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. மனைவியின் தகுதி கணவரோடு போய்விடுவதில்லை. ஆனால் கார்டில் அவர் சார்ந்தவராகத்தான் இருப்பார். அவரையே முதன்மை உறுப்பினராக மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, பிபிஓ, அவருடைய ஆதார், வங்கி விவரம் வைத்து விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வூதியருடைய பிபிஓவிலேயே மனைவியின் பெயர் ஏற்கனவே இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன பெயர்த் திருத்தம் இங்கே வந்து நிற்கும், அதுவும் மிக மோசமான நேரத்தில்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். இறப்புச் சான்று பத்துப் பிரதி வாங்குங்கள். விண்ணப்பித்த நம்பரோடு பாலிகிளினிக் ஓஐசியை நேரில் பார்த்து, இடைப்பட்ட காலத்தில் எந்தத் தாளை வைத்துச் சிகிச்சை தருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கணவரின் கார்டை ஒப்படைக்கும்போது ரசீது வாங்க மறக்காதீர்கள். கணவர் கடைசியாக இருந்த ஆஸ்பத்திரியின் கிளெய்ம் நிலுவையில் இருந்தால் அதை இனி தொடர வேண்டியவரும் அவர்தான்.

செங்கதிர்_நாயக் எழுதியது:

எல்லாம் சரியாகச் செய்தும் நிராகரித்தால்? சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது, பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்று மறுக்கவே கூடாது என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றுகிறது.

தணிக்கை_நோக்கர் எழுதியது:

சிவகாந்த் ஜா எதிர் இந்திய ஒன்றியம், 13 ஏப்ரல் 2018. அவர் சிஜிஎச்எஸ் ஓய்வூதியர், படைவீரர் அல்ல. ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையில் நடந்ததா, ஆவணங்கள் அதைக் காட்டுகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். நிலுவைக் கிளெய்ம்களை விரைந்து முடிக்க மாதம் கூடும் உயர்நிலைக் குழு வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் பணம் தரச் சொன்ன முடிவு அந்த வழக்குக்கு மட்டும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. வாட்ஸப் செய்தி இந்த வரியை விட்டுவிடுகிறது. ஆகவே மனுவில் அதன் காரணத்தை எடுத்துக் காட்டுங்கள், முழுத் தொகையும் தானாக வரும் என்று எண்ண வேண்டாம். 48 மணித் தகவல் இல்லாத கோப்பை இந்தத் தீர்ப்பு மட்டும் தூக்கி நிறுத்தாது.

முதலில் நிராகரிப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டி, கோப்புக் குறிப்புகளின் நகல், எந்த மேசையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது என்ற விவரம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கோப்பு எங்கே எத்தனை நாள் நின்றது என்று அரசே எழுதித் தரும் தாள் அது. தாமத வழக்கில் அதைவிட நல்ல சான்று கிடையாது. கூடவே மத்திய அரசின் குறைதீர் போர்ட்டலான சிபிகிராம்ஸில் புகார் போடலாம், 2024 ஆகஸ்ட் முதல் 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் முடியாவிட்டால் வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. அங்கே போகும் முன் துறைக்கு முறையான மனு கொடுத்திருக்க வேண்டும். காலக்கெடு குறுகியது என்பதால் நிராகரிப்புக் கடிதம் கிடைத்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

கணவாய்23 எழுதியது:

நன்றி சாப், எல்லோருக்கும். பில்மேசை சார், கடைசியாக ஒன்று. எம்பேனல் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் அன்று கடைசி பில்லில் நோயாளியிடம் கையெழுத்து வாங்குகிறார்களே, நாம் பணம் கட்டாத பில்லில் எதற்கு?

பில்மேசை எழுதியது:

பில்லில் உள்ளது எல்லாம் நடந்தது என்று சாட்சி சொல்கிறீர்கள். அந்தக் கையெழுத்தோடுதான் பில் போர்ட்டலுக்குப் போகும். ஆகவே தொகை நிரப்பாத பில்லில் போட வேண்டாம். நாள்களை எண்ணுங்கள், செய்யாத ஸ்கேன் இருக்கிறதா என்று பாருங்கள், "நோயாளி செலுத்தியது" என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அந்தத் தொகை அங்கே இருக்க வேண்டும். பூஜ்யம் என்று இருக்கும் பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டால் டெபாசிட்டை நீங்களே இல்லை என்று சொன்னதாகிவிடும். உடன் இருப்பவர் தூக்கமில்லாமல் களைத்திருப்பார். வீட்டிலிருந்து வேறு ஒருவர் வந்து படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும். ஒரு நகல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.